பட்டறைக்கு ஒரு பாயிரம்

கொல்லன் பட்டறையும் தச்சன் பட்டறையும் நம் முன்னோர் அறிந்தவை. கதைப் பட்டறை நம் காலத்து வழக்கு. இரும்பைக் காய்ச்சித் தட்டி உருவாக்குவது போல, எழுதிய கதையைப் பலர் கூடிச் சோதித்துச் செப்பனிடும் இடத்திற்கும் அப்பெயர் பொருந்தி நின்றுவிட்டது. அவற்றுள்ளும் ஒருவகைப் பட்டறை இன்று நம் இளைஞரைப் பெரிதும் ஈர்க்கின்றது. நடந்ததை விடுத்து, நடந்திருக்கக் கூடியதையும், இனி நடக்கக் கூடியதையும், நடக்கவே இயலாததையும் எழுதப் பழகும் பட்டறை அது. விஞ்ஞானக் கதை, மாயக் கதை, வரலாறு வேறு வழியில் திரும்பியிருந்தால் என்று தொடங்கும் கதை ஆகிய அனைத்தையும் ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்து ‘ஊகப் புனைவு’ என்கின்றனர்.

இத்தகைய பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. முதல் நாள் கூடுவதற்கு முன்பே, இடம் பெற்றோர் ஒவ்வொருவரும் தம்மைப் பற்றி ஒரு பக்கம் எழுதி மற்ற எழுத்தாளர்களுக்கு அனுப்புதல் வேண்டும். கேட்பதற்கு எளிய வேலைதான். ஆயினும் இருபது பக்கக் கதையை இரண்டே இரவில் முடித்தவர்கள் இந்த ஒரு பக்கத்திற்கு இரண்டு வாரம் திணறுவதை நம் சங்கக் குடும்பங்களில் கண்டிருக்கிறேன். கூச்சம் மட்டும் இதற்குக் காரணம் அன்று. ‘எந்த ஊர்?’ என்று கேட்டால் ஒரு வரியில் விடை கூற இயலாத குடும்பங்கள் நம்முடையவை.

சத்தியவேட்டைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அண்மையில் இவ்வாறு எழுதிய பக்கத்தை என்னிடம் காட்டினார். மூன்று வரி கல்வித் தகுதி. இரண்டு வரி வேலை. பின்னர் தமக்குப் பிடித்த அயல்நாட்டு ஆசிரியர் எண்மரின் பெயர்கள். ஊரைப் பற்றி, ‘சென்னைக்கு அருகே’ என்று இரண்டு சொற்கள் இருந்தன. சத்தியவேடு என்னும் பெயர் எங்கும் இல்லை. “யாருக்கு ஐயா அந்த ஊர் தெரியப் போகிறது?” என்று கேட்டார். அவருக்குச் சொன்ன விடையையே இங்குச் சற்று விரித்து எழுதுகிறேன். சத்தியவேட்டைக் காணாத குடும்பங்களுக்கும் இதில் பங்கு உண்டு.

இப்பட்டறைகள் நடைபெறும் முறையை முதலில் அறிதல் வேண்டும். 1956ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மில்ஃபோர்டு என்னும் சிற்றூரில், டேமன் நைட் முதலிய விஞ்ஞானக் கதை ஆசிரியர்கள் கூடித் தம் கதைகளைத் தமக்குள் ஆராயத் தொடங்கினர். அம்முறையைத் தழுவி, அதே மாநிலத்தில் உள்ள கிளாரியன் கல்லூரியில் 1968இல் ராபின் ஸ்காட் வில்சன் என்னும் ஆசிரியர் மாணவர்க்கென ஒரு பட்டறையைத் தொடங்கினார். உலகெங்கும் இன்று நடைபெறும் பட்டறைகள் பலவற்றிற்கு இவையே முன்மாதிரி. எல்லாரும் வட்டமாக அமர்வர். ஒருவருடைய கதையை எடுத்துக்கொண்டு மற்றவர்கள் வரிசையாகக் கருத்துரைப்பர். அவ்வளவு நேரமும் கதையை எழுதியவர் வாய் திறத்தல் ஆகாது! எல்லாரும் பேசி முடித்த பின்னரே அவருடைய முறை வரும். ஆகவே, தம் கதை பிறர் கையில் அகப்படுவதற்கு முன் ஓர் எழுத்தாளர் தம் சொந்தக் குரலில் பேசக் கிடைக்கும் இடம் அந்த அறிமுகப் பக்கம் ஒன்றே. அதைப் பட்டங்களாலும் பதவிகளாலும் நிரப்பிவிட்டால், மற்றவர்கள் எதை வைத்துக்கொண்டு அவர் கதையை அணுகுவார்கள்?

கிளாரியனில் 1970ஆம் ஆண்டு பயின்றவர்களுள் ஆக்டேவியா பட்லர் என்னும் கறுப்பினப் பெண்மணியும் ஒருவர். வீட்டுவேலை செய்து பிழைத்த தாயின் மகள், கூச்சம் மிகுந்தவர். அப்பட்டறையின் தொகுதியில் 1971இல் அவருடைய முதற்கதை வெளிவந்தது. பின்னாளில் பெரும்புகழ் எய்திய அவர், தம் நூல்களுக்கென எழுதிக்கொண்ட தன்குறிப்பு மிகச் சிறியது. பத்து வயதில் தாம் எழுத்தாளராக இருந்தது நினைவிருக்கிறது என்றும், எண்பது வயதிலும் எழுத்தாளராக இருக்க எதிர்பார்ப்பதாகவும் கூறுகிறார். பெருநகரின் நடுவே தனித்து வாழும் துறவி போன்றவர் என்றும், பேராவலும் சோம்பலும் துணிவும் ஐயமும் ஒன்றோடொன்று ஒட்டாமல் தம்முள் கிடக்கின்றன என்றும் கூறுகிறார். பரிசுகளின் பட்டியலைவிட இது நமக்கு அவரை நன்றாகக் காட்டுகிறது. எண்பதை அவர் எட்டவில்லை. 2006இல், ஐம்பத்தெட்டாம் வயதில் மறைந்தார்.

அயலார் வழக்கம் இது, நமக்கு ஏது என்று எண்ண வேண்டா. எழுதுவோன் தன்னை அவைக்கு எவ்வாறு அறிவிப்பது என்பதற்கு இலக்கணமே வகுத்தவர்கள் நாம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், எழுத்தையும் சொல்லையும் தொடுவதற்கு முன் பாயிரத்தைப் பற்றித்தான் பேசுகிறது. பாயிரத்திற்கு அது கூறும் வேறு பெயர்களுள் ‘புனைந்துரை’ என்பதும் ஒன்று. புனைகதைக்காரர்கள் இதைக் கண்டு மகிழலாம்.

ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் எவற்றையெல்லாம் சொல்ல வேண்டும் என்று நன்னூல் கூறுவதைப் பாருங்கள். ஆக்கியோன் பெயர் வேண்டும். எந்த வழியில் வந்த நூல் என்பது வேண்டும். அது வழங்கும் எல்லை வேண்டும். நூலின் பெயர், யாப்பு, பொருள், கேட்பதற்கு உரியவர், பெறும் பயன் ஆகியவையும் வேண்டும். காலம், களம், காரணம் என மூன்றையும் கூட்டிப் பதினொன்று என்பாரும் உண்டு என்கிறது. நம் இளைஞர் எழுதிய பக்கத்தை இதன் அருகில் வைத்தேன். பெயர் இருந்தது. வழி என்னும் இடத்தில் அயல்நாட்டார் எண்மர் மட்டும் இருந்தனர். எல்லை இல்லை, காரணமும் இல்லை.

தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது அறிஞனுக்குத் தகாது என்றும் நன்னூல் கூறுகிறது. ஆனால் நான்கு இடங்களில் அதற்கு விலக்கும் தருகிறது: அரசவைக்கு ஓலை விடுக்கும்போது, தன் ஆற்றலை அறியாதவரிடையே நிற்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது, எதிர்ப்பவன் தன்னைப் பழித்தபோது. பட்டறைக்குச் செல்வோர் இவற்றுள் இரண்டாவதன்கீழ் அடங்குவர். ஆகவே, எனக்கு இது நன்றாக வரும் என்று ஒரு வரி எழுதுவது பெருமையடித்தல் ஆகாது. பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாகத் தம்மைக் கூறிக்கொண்ட கம்பரின் அவையடக்கம் அழகுதான். பின்னால் பதினாயிரம் பாடல்கள் வரப்போவதால் அது அழகு. பின்னால் ஒரு சிறுகதை மட்டும் வரும் இடத்தில், ‘நான் ஒன்றும் அறியேன், பொறுத்தருள்க’ என்று பத்து வரி எழுதுவது படிப்போர் பொழுதைப் போக்குவதாகும். நம் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் அடக்கத்தை மிகுதியாகக் கற்றவர்கள். ஆகையால் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்.

பெயருக்கு முன் ஊரை வைப்பதும் நம் மரபே. முல்லைப்பாட்டை இயற்றியவர் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார். ஊர், தந்தையின் தொழில், தம் பெயர் மூன்றும் ஒரே தொடரில் அமைந்த அறிமுகம்! இதைவிடச் சுருக்கமாக எந்தப் பட்டறையிலும் எவரும் எழுதிவிட முடியாது. இயற்பெயர் மறைந்துபோன சங்கப் புலவர் சிலரை, அவர்கள் பாடிய ஒரு காட்சியே நமக்கு அறிமுகம் செய்கிறது. செம்புலப்பெயனீரார், குப்பைக்கோழியார், விட்டகுதிரையார், தேய்புரிப்பழங்கயிற்றினார் என்பன அவர்களுக்குப் பெற்றோர் இட்ட பெயர்கள் அல்ல. செம்மண்ணில் பெய்த மழைநீரும் தேய்ந்த கயிறும் இரண்டாயிரம் ஆண்டாக அவர்களுக்குப் பெயராக நிற்கின்றன. பட்டம் பதவிகளை மறந்துவிடும் மனம் ஒரு காட்சியை மறப்பதில்லை.

இனி எல்லைக்கு வருவோம். தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்திற்கு எல்லை கூறியே தொடங்குகிறது. தெற்கே குமரி, வடக்கே வேங்கடம். அந்த வேங்கட மலைக்குத் தென்கிழக்கே இருக்கிறது சத்தியவேடு. சிறிது தொலைவு தெற்கே சென்றால் ஊத்துக்கோட்டை; அது தமிழ்நாடு. தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் நாடு அது. வீட்டில் ஒன்றும் சந்தையில் ஒன்றுமாக இரு மொழிகளையும் பேசி வளர்ந்தவர்கள் அங்கே பலர்.

1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அதனுடன் சென்றது. வடக்கெல்லைத் தமிழர்களின் கிளர்ச்சிக்கு ம. பொ. சிவஞானம் தலைமை தாங்கினார். (அவர் பெயரில் உள்ள ‘ம’ மயிலாப்பூர், ‘பொ’ தந்தையார் பொன்னுசாமி. எல்லைக்காகப் போராடியவர் தம் ஊரையும் பெயரிலேயே சுமந்திருந்தார்.) இரு மாநிலங்களுக்கும் நடுவராக அமைந்த படாஸ்கரின் முடிவு 1957இல் வந்தது. அதையொட்டி 1959இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1960 ஏப்ரல் முதல் நாள் கோடு மாறியது. திருத்தணி சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்திற்கு வந்தது; செங்கற்பட்டு மாவட்டத்தின் வடபகுதியில் இருந்த சத்தியவேட்டுப் பகுதி சித்தூர் மாவட்டத்திற்குச் சென்றது. திருத்தணி வந்ததைப் பற்றி நம் நூல்கள் நிரம்பப் பேசுகின்றன. சத்தியவேடு போனது பற்றிப் பேசுவோர் குறைவு.

ஒரு முதியவரை எண்ணிப் பாருங்கள். 1945இல் சத்தியவேட்டில் ஒரு வீட்டில் அவர் பிறந்தார். அதே வீட்டில் இன்றும் வாழ்கிறார் என்று கொள்வோம். பிறந்தபோது அவ்வீட்டின் முகவரி சென்னை மாகாணம், செங்கற்பட்டு மாவட்டம். 1950இல் மாகாணம் மாநிலமாயிற்று. பதினைந்தாம் வயதில் ஆந்திரப் பிரதேசம், சித்தூர் மாவட்டம். 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி மாவட்டம். திண்ணையும் கிணறும் இருந்த இடத்திலேயே இருந்தன. சென்னை மாநிலம் ‘தமிழ்நாடு’ என்று பெயர் பெற்றது 1969 ஜனவரியில். ஆகவே சத்தியவேடு தமிழ்நாடு என்னும் பெயர் கொண்ட மாநிலத்தில் ஒரு நாளும் இருந்ததில்லை. நாம் புலம்பெயர்ந்தோர் எனப்படுகிறோம். கப்பலிலோ விமானத்திலோ ஏறி வந்தோம். அந்த முதியவர் எங்கும் பெயரவில்லை. அவருடைய புலந்தான் பெயர்ந்தது.

எல்லைக்கு இப்புறமும் இதே கதை நடந்துள்ளது. திருத்தணி, பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பங்களும் ஒரு காலையில் எழுந்தபோது வேறொரு மாநிலத்தில் இருந்தன. இதையும் சேர்த்து நினைப்பவரால்தான் நல்ல கதை எழுத முடியும் என்பது என் எண்ணம். யார் பக்கம் நியாயம் என்று வாதிடும் இடமாக அறிமுகப் பக்கத்தை ஆக்குதல் கூடாது. பட்டறையில் உடன் அமர்வோர் படாஸ்கர் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆயினும், வீடு அசையாமல் மாநிலம் மட்டும் அசைந்தது என்று ஒருவர் எழுதினால், எந்நாட்டவரும் நிமிர்ந்து உட்காருவர்.

ஊகப் புனைவின் வித்தே அதில் இருக்கிறது. ‘இப்படி நடந்திருந்தால்?’ என்னும் கேள்வியைக் கொண்டு பெரும் நாவல்கள் எழுந்துள்ளன. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியும் ஜப்பானும் வென்றிருந்தால் என்று ஊகித்து 1962இல் பிலிப் டிக் எழுதிய நாவல் புகழ்பெற்றது. சத்தியவேட்டார்க்கு அவ்வளவு பெரிய போர் வேண்டா. 1960இல் வரைந்த கோடு சில கல் வடக்கே விழுந்திருந்தால்? அதே வீட்டில், அதே தாய்க்குப் பிறந்த அதே பிள்ளை, வேறு எழுத்தில் தன் பெயரை எழுதப் பழகியிருப்பான்; வேறு பாடநூலில் வேறு அரசர்களைப் படித்திருப்பான்; வேறு நகரத்தைத் தலைநகரம் என்று கருதியிருப்பான். அவ்விருவரும் ஒரு நாள் எதிரெதிரே சந்தித்தால் எந்த மொழியில் பேசிக்கொள்வார்கள்? இக்கேள்வியை உரிமையோடு கேட்கக்கூடிய எழுத்தாளர்கள் உலகில் எத்தனை பேர் இருப்பார்கள்! அவர்களுள் ஒருவர் ‘சென்னைக்கு அருகே’ என்று எழுதிவிட்டு நகர்ந்து போகலாமா?

அந்த வட்டாரத்தில் வேறு செல்வங்களும் உண்டு. வடகிழக்கே நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவில், பழவேற்காட்டு ஏரிக்கு அப்பால், ஸ்ரீஹரிகோட்டா. 1971 அக்டோபர் 9 அன்று அங்கிருந்து முதன்முதல் ஒரு சிறிய ரோகிணி இராக்கெட்டு எழுந்தது. 1979 ஆகஸ்டில் எழுந்த முதற் செயற்கைக்கோள் ஏவுகலம் கடலில் வீழ்ந்தது. 1980 ஜூலை 18 அன்று அடுத்தது வென்றது. 2023 ஜூலை 14இல் சந்திரயான்-3 புறப்பட்டதும் அங்கிருந்தே. 2022இல் மாவட்டங்களைத் திருத்தியமைத்தபோது சத்தியவேடும் ஸ்ரீஹரிகோட்டாவும் ஒரே மாவட்டத்தில் சேர்ந்துவிட்டன. பிறர் நூலில் படித்து ஊகிக்கும் காட்சியை, மொட்டைமாடியில் வடகம் காயவைத்துக்கொண்டே காணும் மக்கள் வாழும் ஊர் அது.

தெற்கே ஊத்துக்கோட்டையை அடுத்த தாமரைக்குப்பத்தில் ‘ஜீரோ பாயின்ட்’ என்று ஓர் இடம் உண்டு. கண்டலேறு அணையிலிருந்து 152 கிலோமீட்டர் கால்வாயில் ஓடிவரும் கிருஷ்ணா நீர், அந்த இடத்தில் தமிழ்நாட்டு நீராகிறது. பிறகு பூண்டி ஏரியை அடைந்து சென்னைக்குச் செல்கிறது. 1983இல் செய்த உடன்படிக்கை; 1996இல் நீர் வந்தது. ஒரு துளி நீர் எந்த நொடியில் மாநிலம் மாறுகிறது என்று அந்த இடத்தில் நின்று கேட்கத் தோன்றும். அருகிலேயே சுருட்டப்பள்ளி. ஆலகாலம் உண்ட களைப்பில், அம்மையின் மடியில் தலைவைத்துச் சிவபெருமான் பள்ளிகொண்டிருக்கும் கோயில் அங்கே உள்ளது. இலிங்க வடிவிலேயே சிவனைக் கண்ட கண்களுக்கு அது வியப்பு. உலகைக் காக்க நஞ்சை விழுங்கியவர் ஓய்வெடுக்கும் ஊர் என்பதே ஒரு கதைக்குப் போதும். பிறகு 2008 முதல் வளர்ந்த ஸ்ரீசிட்டித் தொழில் நகரம். சென்னை மெட்ரோ இரயில் பெட்டிகள் பல அங்குள்ள ஆலையில் செய்யப்பட்டவை. சென்னையிலிருந்து பிரிந்த நிலம் சென்னைக்கு நீரையும் வண்டியையும் அனுப்புகிறது!

இவை அனைத்தையும் ஒரே பக்கத்தில் கொட்டிவிடக் கூடாது. அது சுற்றுலாத் துறையின் கையேடாகிவிடும். ஒன்றே போதும்; குப்பைக்கோழியார்க்கு ஒரு கோழி போதவில்லையா?

வழி என்னும் பகுதியைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். எவற்றைப் படித்து வளர்ந்தீர்கள் என்று பட்டறையில் கேட்பர். அயல்நாட்டு ஆசிரியர்களைச் சொல்வதில் குற்றமில்லை. ஆயினும் நம்மிடம் உள்ளதையும் அறிந்து வைத்திருத்தல் நன்று. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் நிறைசூலியான மனைவி விசயையை மயிற்பொறி ஒன்றில் ஏற்றி வான்வழியே தப்பவிடுகிறான். அப்பொறியை இயக்கவும் இறக்கவும் அவள் முன்பே பயின்றிருந்தாள். மணிமேகலையில் ஒரு பெண் ஆழ்ந்த உறக்கத்தில் கடல் கடந்து தீவு ஒன்றில் விழித்து, தன் முற்பிறப்பை அறிகிறாள். புதுமைப்பித்தன் கடவுளையே சென்னை வீதியில் கந்தசாமிப் பிள்ளையோடு நடக்க வைத்தார். எஸ். ரங்கராஜன் பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்துகொண்டு, மனைவியின் பெயரான ‘சுஜாதா’ என்பதைப் புனைபெயராக்கி எழுதினார். அவருடைய ‘என் இனிய இயந்திரா’வில் வரும் ஜீனோ என்னும் இயந்திர நாயை அறியாத வாசகர் நம் வீடுகளில் இருந்ததில்லை. இந்நாளில், 2018இல் தொடங்கிய ‘அரூ’ என்னும் இதழ் அறிவியல் சிறுகதைப் போட்டிகள் நடத்திப் புதியவர்களை எழுத வைத்திருக்கிறது. இந்தியாவிலேயே 2009ஆம் ஆண்டு கான்பூர் ஐ.ஐ.டி.யில் வந்தனா சிங், அனில் மேனன், சுசித்ரா மாத்தூர் ஆகியோர் ஊகப் புனைவுப் பட்டறை ஒன்றை நடத்தினர். ஆகவே இத்துறையில் விருந்தாளியாக நுழைகிறோம் என்ற கூச்சம் நம் பிள்ளைகளுக்கு வேண்டா.

மொழியைப் பற்றி எழுதுவதுதான் சத்தியவேட்டு இளைஞருக்கு எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. “என்னைத் தமிழ் எழுத்தாளன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டா?” என்று கேட்டார். வீட்டில் தமிழ், ஆனால் பள்ளியில் தெலுங்கு. அங்கே உடன் படித்தவர்கள் அவர் பேசும் மொழியை ‘அரவம்’ என்பார்கள். அது தெலுங்கர் தமிழுக்கு இட்ட பெயர். சென்னைக்கு வந்தால் அவருடைய தமிழில் தெலுங்கு வாடை வீசுகிறது என்பார்கள். எழுதுவதோ ஆங்கிலத்தில். தமிழ் எழுத்துகளை இருபது வயதுக்குப் பின் தாமே கற்றுக்கொண்டார். இவ்வளவையும் மறைத்துவிட வேண்டும் என்று அவர் எண்ணியிருந்தார். எழுத வேண்டியதே அதுதான் என்றேன். நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் தமிழைக் காதால் மட்டும் அறிந்தவர்கள் என்பதைப் பெற்றோர் நன்கு அறிவர். அதை இழிவாக மறைக்கும் பிள்ளை மெல்ல மெல்ல அந்தக் காதையும் மூடிக்கொள்வான். உள்ளதை உள்ளபடி ஒரு வரியில் எழுதும் பிள்ளைக்கு, அடுத்த வரியில் ஒரு தமிழ்ச் சொல்லை வைக்கவும் துணிவு வரும்.

சில நாள்களுக்குப் பின் அவர் மாற்றி எழுதி அனுப்பிய பக்கத்தின் ஒரு பகுதியை, அவர் இசைவு பெற்றுத் தமிழில் தருகிறேன்.

“என் ஊர் சத்தியவேடு. சென்னையிலிருந்து வடமேற்கே இரண்டு மணி நேரப் பயணம். என் பாட்டனார் பிறந்தபோது அந்த ஊர் வேறு மாநிலத்தில் இருந்தது. வீட்டை யாரும் நகர்த்தவில்லை. வீட்டில் தமிழ் பேசினோம். பள்ளியில் தெலுங்கு படித்தேன். இப்போது ஆங்கிலத்தில் எழுதுகிறேன். தமிழை இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறேன். சிறுவயதில் எங்கள் மாடியில் நின்று இராக்கெட்டு எழுவதைப் பார்ப்போம். அது எந்த மாநிலத்து வானத்தில் போகிறது என்று ஒரு நாள் பாட்டியைக் கேட்டேன். அவர் சொன்ன விடையைத்தான் நான்கு ஆண்டுகளாகக் கதையாக எழுத முயல்கிறேன். இரண்டு கதைகள் அச்சில் வந்துள்ளன. உரையாடல் எனக்கு நன்றாக வரும், முடிவு வருவதில்லை. ஆகவே உங்கள் கதைகளின் முடிவுகளை உற்றுப் படிப்பேன்.”

பாட்டியார் என்ன விடை சொன்னார் என்று நானும் கேட்டேன். கதை முடியட்டும் என்று விட்டார்.

கடைசி வரியைக் கவனித்தீர்களா? தம்மைப் பற்றிய பக்கத்தை மற்றவர்களை நோக்கித் திருப்பியிருக்கிறார். அறிமுகம் இருவழிப் பாதை. தம் பக்கத்தை அனுப்பியவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை; உடன் பயில்வோர் அனுப்பும் பக்கங்கள் வந்து சேரும். பலர் அவற்றை மேலோட்டமாகப் பார்த்து வைத்துவிடுவர். அவ்வாறு செய்யாமல் ஒவ்வொன்றையும் பென்சிலும் கையுமாக இருமுறை படித்தல் வேண்டும். இவர் எந்த எல்லையில் நிற்கிறார், எதை எழுத முயல்கிறார், எதை மறைக்கிறார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். வட்டத்தில் அமர்ந்து அவர் கதையைப் பற்றிப் பேசும்போது அக்குறிப்புகள் கை கொடுக்கும்.

சிறப்புப் பாயிரத்தை நூலாசிரியன் தானே எழுதுவதில்லை. அவனுடைய ஆசிரியன், உடன் கற்றவன், மாணாக்கன், உரையெழுதத் தக்கவன் ஆகியோரே எழுத வேண்டும் என்கிறது நன்னூல். ‘உடன் கற்றவன்’ அப்பட்டியலில் இரண்டாம் இடத்தில் நிற்கிறான். தொல்காப்பியத்திற்குப் பாயிரம் செய்த பனம்பாரனார் தொல்காப்பியரோடு ஒருசாலையில் பயின்றவர் என்பது வழிவழிச் செய்தி. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில், ஐயங்கள் நீங்க அந்நூல் விளக்கிக் காட்டப்பெற்றது என்பதை அவர்தாம் நமக்குக் கூறுகிறார். தொல்காப்பியர் தம்மைப் பற்றித் தம் நூலில் ஒன்றும் சொல்லவில்லை. அவரைப் பற்றி நாம் அறிந்தவை பெரும்பாலும் உடன் பயின்றவர் எழுதி வைத்த அச்சில அடிகளிலிருந்து வந்தவையே.